பனிச்சரிவில் புதைந்தவரை மீட்கப் பழகுவது: கல்லடிக் கடற்கரையில் கேட்ட கேள்விகள்

மட்டக்களப்பில் ஐஸ் என்றால் மீன்வாடியில் கோடாலியால் உடைக்கிற கட்டிதான். நான் சுவிஸில், டாவோஸ் ஊரில், ஒரு ஹோட்டல் குசினியில் 14 வருடம் வேலை செய்தேன். அங்கே குளிர்கால லீவு நாட்களில் கூட வேலை செய்தவர்களோடு மலை ஏறப் பழகினேன். அதற்காகவே பனிச்சரிவு மீட்பும் படித்தேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். ஆடி, ஆவணியில் வெளிநாட்டுப் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது, புதைந்தவரைத் தேடுகிற மூன்று பழைய ரேடியோக் கருவிகளை எடுத்துக்கொண்டு கல்லடிக் கடற்கரைக்குப் போவோம். அங்கே பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மாரும், வேடிக்கை பார்க்க வந்த கரைவலைக்காரரும் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

பனியே விழாத ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்து என்ன செய்வது?

ஊரில் பனி இல்லைதான், ஆனால் ஊர்ப்பிள்ளைகள் பனிக்குள்தான் இருக்கிறார்கள். சுவிஸ், நோர்வே, கனடா என்று ஒரு வீட்டுக்கு ஒருவராவது போயிருக்கிறார். போனவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்து, பள்ளிக்கூடத் தோழரோடு பனிச்சறுக்குக்குப் போகிறார்கள். பாதை போட்டு, பாதுகாவலர் பார்த்துக்கொள்கிற சறுக்குத்தளத்துக்குள் நின்றால் பெரிய பயமில்லை. கயிற்றைத் தாண்டி வெளிமலைக்குப் போகத் தொடங்கினால் கதை வேறு.

இன்னொன்றும் இருக்கிறது. நேபாளத்துக்கு மலைநடை போகிற இளைஞர்கள் இப்போது நம் பக்கத்திலும் உண்டு. 2014 ஒக்டோபரில் வங்காள விரிகுடாவில் உருவான ஹுட்ஹுட் சூறாவளி விசாகப்பட்டினத்தில் கரையேறி வடக்கே போய், இரண்டு நாளில் அன்னபூர்ணா மலைப்பகுதியில் பனிப்புயலாகக் கொட்டியது. பனிச்சரிவிலும் குளிரிலும் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 1978 சூறாவளியை நேரில் கண்ட எங்கள் பெரியவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே பிடிபடும். அதே கடலில் எழும்பிய காற்றுத்தான், அங்கே மழைக்குப் பதிலாகப் பனியைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறது.

பனிச்சரிவு என்றால் பனிப்பந்து உருண்டுவந்து அடிப்பதுதானே?

கார்ட்டூனில் அப்படித்தான். ஆளைக் கொல்வது பெரும்பாலும் பலகைச் சரிவு. புதுப்பனியைக் காற்று அடித்து இறுக்கி ஒரு பலகை போல ஆக்கிவிடும். அதன் கீழே, முன்பு பெய்த பனி சீனி மணி போல ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கும். சீனி கொட்டிய மேசையைச் சாய்த்து அதன்மேல் ஒரு கண்ணாடித் தட்டை வைத்தால் என்ன நடக்கும்? ஒரு விரலால் தொட்டாலே வழுக்கும். அந்த விரல்தான் நாம். பனிச்சரிவில் அகப்படுகிற பத்துப் பேரில் ஒன்பது பேரளவில், தாங்களோ தங்கள் கூட்டத்தில் ஒருவரோ கிளப்பிவிட்ட சரிவிலேயே அகப்படுகிறார்கள்.

அநேகமான சரிவுகள் 30 முதல் 45 பாகைச் சாய்வில் புறப்படுகின்றன. நம் வீட்டு ஓட்டுக்கூரையின் சாய்வை நினைத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து மேலே. சறுக்குவதற்கு ஆசை வருகிற சாய்வும் அதுவேதான், அதுதான் கஷ்டகாலம்.

ஆள் புதைந்தால் ஹெலிகொப்டர் வந்துவிடும் என்கிறார்களே?

வரும். சுவிஸில் ரேகா என்ற வான்மீட்புச் சேவைக்கு 1414 அடித்தால் நல்ல வானிலையில் வேகமாகவே வருவார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். சுவிஸில் 1981 முதல் 2020 வரை நடந்த சரிவுகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட முடிவின்படி, தலை மூடப் புதைந்தவர்களில் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்கள் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். 10 நிமிடத்துக்கும் 30 நிமிடத்துக்கும் இடையில் எடுக்கப்பட்டவர்களில் பிழைத்தது பத்தில் மூன்று பேர்தான். அநேகர் குளிரால் சாவதில்லை. விட்ட மூச்சையே திரும்ப இழுத்து இழுத்து, மூச்சுத்திணறித்தான் சாகிறார்கள். ஒரு பகுதியினர் மரத்திலும் பாறையிலும் அடிபட்டுச் சாகிறார்கள்.

ஹெலிகொப்டர் எழும்பி, இடம் பிடித்து, இறங்க அந்தப் பத்து நிமிடம் போதாது. அந்த நேரத்தில் அங்கே இருப்பது கூடப் போனவர்கள் மட்டும்தான். இதை எங்கள் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2004 மார்கழி 26இல் கல்லடியிலும் நாவலடியிலும் கல்முனையிலும் முதல் அரைமணி நேரத்தில் ஆளை இழுத்தெடுத்தது யார்? என் மாமாவைக் கதியால் வேலிக்குள் இருந்து எடுத்தது பக்கத்து வளவுக்காரர். நிவாரண லொறி வந்தது மறுகா.

என்னென்ன சாமான் வேண்டும்?

மூன்று. ஒன்று, ட்ரான்சீவர் என்கிற சின்ன ரேடியோக் கருவி. உடம்போடு கட்டிக்கொள்வது. சுவிஸில் எல்விஎஸ் என்பார்கள், கனடாவில் பீக்கன் என்பார்கள். எந்தக் கம்பனி செய்தாலும் 457 கிலோஹேர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசைதான், அதனால் ஒன்றை மற்றது கண்டுபிடிக்கும். இரண்டு, மடித்து விரிக்கிற நீளக் கம்பி, புரோப் என்பது. விரித்தால் 2.4 மீற்றராவது இருக்கவேண்டும். மூன்று, உலோகத் தகடு வைத்த சவல். பிளாஸ்ரிக் சவல் வேண்டாம், இறுகின பனியில் அது பப்படம் போல உடையும்.

மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண். கருவி மட்டும் இருந்தால் ஆள் எங்கே கிடக்கிறார் என்று தெரிந்துகொண்டு பார்த்துக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான். கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் மூன்றும் இருக்கவேண்டும். “மச்சானிடம் சவல் இருக்கிறது” என்றால், மச்சான் புதைந்தால் சவலும் சேர்ந்து புதையும்.

பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்வது, இது தாயத்து இல்லை. கட்டினவரை அது காப்பாற்றாது. கட்டினவரைக் கூட வந்தவர் தேடிப்பிடிக்கத்தான் அது. மாலையாய்ப் போட்டுக்கொண்டு தனியாக மலைக்குப் போகிறவனுக்கு அதால் ஒரு பிரயோசனமும் இல்லை.

போனில் ஒரு அப் போட்டால் போதாதா?

போதாது. அதுக்கும் மேலே, போன் இந்தக் கருவிக்குத் தொந்தரவு. கருவி தன் அலையை விட்டுக்கொண்டிருப்பது அனுப்பு நிலை, மற்றவரின் அலையைப் பிடிப்பது தேடும் நிலை. அனுப்பு நிலையில் இருக்கும்போது போன், ஹெட்லைட், கமரா எல்லாம் கருவியிலிருந்து 20 சென்ரிமீற்றராவது தள்ளி இருக்கவேண்டும். தேடும்போது 50 சென்ரிமீற்றர். சூடான கையுறை, பட்டரி போட்ட ஜக்கெற் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

ஜக்கெற்றில் தைத்து வருகிற றெக்கோ என்ற தகட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். அது மீட்புக்குழு கொண்டுவருகிற தனிக் கருவிக்குத்தான் பதில் கொடுக்கும். இருந்தால் நல்லது. ஆனால் ட்ரான்சீவருக்குப் பதில் அது இல்லை.

புறப்படும் முன் ஒவ்வொருவரின் கருவியையும் சோதிப்பது உண்மையிலேயே அவசியமா?

இதற்கு எங்கள் சொந்த மானக்கேட்டைச் சொல்கிறேன். போன வருடத்துக்கு முந்தின வருடம், கல்லடியில் ஒரு தம்பி கருவியைச் சோற்றுப்பெட்டிக்குள் வைத்து மணலில் புதைத்தான். புதைக்கும் அவசரத்தில் அது அனுப்பு நிலையில் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. தேடும் நிலையில் கிடந்திருக்கிறது. இரண்டு கருவி, நாலு பிள்ளைகள், ஒரு சத்தமும் இல்லை. அவனுக்குப் புதைத்த இடமும் மறந்துபோயிற்று. கடைசியில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த அண்ணன்மார் வந்து, வரிசையாக நின்று தோண்டி எடுத்துத் தந்தார்கள். இரண்டு மணித்தியாலம். ஒருவர் கேட்டார், “இதுக்குத்தான் பிள்ள சுவிஸில படிச்ச நீ?”

மணலில் இது சிரிப்பு. பனியில் அந்த ஆள் செத்திருப்பார். அதனால் வாகனத்தடியில் நின்று புறப்படும்போதே, ஒருவர் தேடும் நிலையில் நிற்க மற்றவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போகவேண்டும். ஒவ்வொரு கருவியும் சத்தம் தருகிறதா? பட்டரி எத்தனை வீதம்? பிறகு அவர் தன்னுடையதை அனுப்பு நிலைக்கு மாற்றிக் காட்டவேண்டும். எல்லாமாக இரண்டு நிமிடம். பட்டரி, கம்பனி சொல்கிற வகைதான். பொதுவாக அல்கலைன். ரீசார்ஜ் பட்டரி போட்டால் மிச்சம் எவ்வளவு என்று காட்டுகிற கணக்குப் பிழைக்கும். சீசன் முடிந்ததும் கழற்றி வையுங்கள், ஒழுகினால் கருவி போச்சு.

ஆள் புதைந்துவிட்டார். முதலில் என்ன?

நில்லுங்கள். இன்னொரு சரிவு மேலிருந்து வருமா என்று பாருங்கள். நீங்களும் புதைந்தால் தேடவேண்டிய ஆள் கூடுகிறாரே ஒழியக் குறையவில்லை. கடைசியாக அவரைக் கண்ட இடத்தை மனதில் குறியுங்கள். அவர் இருப்பது அநேகமாக அதற்குக் கீழ்ப்பக்கம்தான். ஒருவர் பொறுப்பெடுத்துச் சத்தமாகப் பேசவேண்டும்: யார் தேடுவது, யார் போன் எடுப்பது, யார் சவல் பூட்டுவது. கூட்டமாக இருந்தால் ஒருவர் உடனே அவசர இலக்கத்துக்கு அடிக்கட்டும், சுவிஸில் 1414 அல்லது 112, கனடாவில் 911. நீங்கள் தனியாக மிஞ்சியிருக்கிறீர்கள், போனில் சிக்னலும் இல்லை என்றால், சிக்னல் தேடி அலையவேண்டாம். ஆளைத் தேடுங்கள்.

எல்லோரும் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றவேண்டும். ஒருவர் மறந்து அனுப்பிக்கொண்டு நின்றால், எல்லோரும் புதைந்தவரை விட்டு அவரைக் கண்டுபிடிப்பார்கள். இது நடக்காத பயிற்சியை நான் கண்டதில்லை.

கருவியால் தேடுவது எப்படி?

மூன்று படி. படிக்கு ஒரு வேகம்.

முதலாவது, சத்தம் கிடைக்கும்வரை. சரிந்த பனியின் மேல் ஓடலாம், சறுக்கலாம், கண்ணையும் திறந்து வையுங்கள். ஒரு கையுறையோ சறுக்குத்தடியோ மேலே தெரிந்தால் இழுத்துப் பாருங்கள், அதில் கை இருக்கலாம். கருவி எட்டும் தூரம் அதன் வகையைப் பொறுத்து 40 முதல் 60 மீற்றர்வரை. தனியாள் என்றால் இரண்டு கரைக்கும் வளைந்து வளைந்து இறங்கவேண்டும். பலர் என்றால் வரிசையாகப் பரந்து போகலாம்.

இரண்டாவது, அம்புக்குறி காட்டத் தொடங்கியதும். திரையில் தூரம் காட்டும் எண் குறைந்துகொண்டு வரும், அதைப் பின்பற்றுங்கள். பாதை நேராக இருக்காது, வளையும். காந்தத்துக்கு மேலே இரும்புத்தூளைத் தூவினால் வளைவு வளைவாக நிற்குமே, பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள், அந்த வளைவின் வழியாகத்தான் கருவி உங்களைக் கூட்டிப் போகிறது. எண் கூடிக்கொண்டு போனால் வளைவின் மறுபக்கம் போகிறீர்கள் என்று அர்த்தம். கிறுகி வாருங்கள். 10 மீற்றருக்குள் வந்ததும் வேகத்தைக் குறையுங்கள்.

மூன்றாவது, 3 மீற்றருக்குள். இங்கேதான் பிள்ளைகள் அவசரப்பட்டு நேரத்தைத் தொலைப்பார்கள். குனிந்து, கருவியைப் பனி மேற்பரப்போடு ஒட்டிப் பிடியுங்கள். நேராக ஒரு கோடு போங்கள், எண் குறைந்து குறைந்து திரும்பக் கூடும். ஆகக் குறைந்த இடத்துக்கு வந்து, அங்கிருந்து குறுக்கே இன்னொரு கோடு. கருவியைத் திருப்பவே கூடாது, அதன் முகம் ஒரே திசையில் இருக்கவேண்டும். சிலுவை போட்டு முடிந்ததும் ஆகக் குறைந்த எண் நின்ற இடத்தில் குறி வையுங்கள். இஸ்திரிப்பெட்டியை மெதுவாகத் தேய்ப்பது போலக் கை போகவேண்டும். ஒரு மாமி அப்படித்தான் செய்தார், பிள்ளைகள் எல்லோரையும்விட அவர்தான் கெதியாகக் கண்டுபிடித்தார். போன் பாவிக்கவே தெரியாது என்று ஒதுங்கி நின்றவர்.

எண் 1.0 காட்டுகிறது. அப்படியே தோண்டலாமா?

வேண்டாம், முதலில் கம்பியால் குத்திப் பாருங்கள். குறி வைத்த இடத்தில் தொடங்கி, நத்தை ஓடு போலச் சுற்றிச் சுற்றி, குத்துக்குக் குத்து 25 சென்ரிமீற்றர் இடைவெளி. கம்பி பனி மேற்பரப்புக்குச் செங்குத்தாக இறங்கவேண்டும், வானத்தைப் பார்த்து நேராக அல்ல. நிலத்தில் பட்டால் ‘டக்’ என்று கடுமையாக நிற்கும். ஆளில் பட்டால் கொஞ்சம் மெத்தென்று துள்ளும். பட்டதும் கம்பியை உருவாதீர்கள். அதுதான் வழிகாட்டி, அதிலேயே ஆழமும் எழுதியிருக்கும்.

தோண்டுவதற்கும் பழக்கம் வேண்டுமா? வயல் வேலை செய்த கை எங்களுடையது.

வயல் வேலை செய்த கைக்கு இது பாதி தெரியும். மற்றப் பாதியைத்தான் பழகவேண்டும். முழு மீட்பிலும் ஆக அதிக நேரம் தின்பது தோண்டலே. சரிந்து நின்ற பனி பஞ்சு இல்லை. ஓடி வரும்போது மா மாதிரி வரும், நின்றதும் கொங்கிறீட் மாதிரி இறுகும். டாவோஸில் என்னோடு வந்த ஒருவருக்கு இடுப்பளவுதான் மூடியது, சின்னச் சரிவு. காலைத் துளியும் அசைக்க முடியவில்லை. அவரை எடுக்க நாலு பேருக்கு நல்ல நேரம் பிடித்தது. ஒரு மீற்றர் ஆழத்தில் ஆள் கிடந்தால் ஒரு தொன்னுக்கு மேல் பனியை நகர்த்தவேண்டி வரும்.

கம்பிக்கு நேர்கீழே கிணறு வெட்டுவது பிழை. அந்த ஆள் மேல் நீங்களே ஏறி நிற்பீர்கள், அவர் முகத்துக்கு முன்னால் மூச்சுவிடக் கிடக்கும் சின்ன இடைவெளியும் நசியும். கம்பியிலிருந்து சரிவின் கீழ்ப்பக்கம் இறங்குங்கள். ஆழம் எவ்வளவோ அதில் ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி நின்று, ஆளை நோக்கிப் பக்கவாட்டாக வெட்டிக்கொண்டு போங்கள். பலர் இருந்தால் ஆங்கில ‘வி’ எழுத்துப் போல நிற்கவேண்டும். கூர்முனையில் ஒருவர் கட்டி கட்டியாக வெட்டுவார். பின்னால் இரண்டு பக்கமும் நிற்பவர்கள் அந்தக் கட்டியைத் தூக்கி எறியக்கூடாது, சவலால் பின்னுக்குத் தள்ளிவிடவேண்டும். தோணியில் துடுப்பு வலிப்பது போல. தண்ணீரைத் தூக்கி எறிந்து தோணி ஓட்டுகிறவன் வாவியில் ஒருவனும் இல்லையே. கூர்முனையில் நிற்பவர் களைக்கும் முன், சில நிமிடத்துக்கு ஒருமுறை, இடம் மாறுங்கள். “எனக்குக் களைக்கவில்லை” என்ற வீரம் அங்கே தேவையில்லை.

வெளியே எடுத்தாயிற்று. மறுகா?

முழு உடம்பையும் எடுக்கும்வரை காத்திருக்கவேண்டாம். முதலில் தலை, பிறகு நெஞ்சு. வாயிலும் மூக்கிலும் பனி அடைத்திருந்தால் எடுத்து விடுங்கள், அடைத்திருந்ததா இல்லையா என்பதை நினைவில் வையுங்கள், வைத்தியர் கேட்பார். மூச்சு இல்லையென்றால் முதலில் ஐந்து மூச்சு ஊதுங்கள், அதன் பின் நெஞ்சமுக்கம். வாவியில் மூழ்கி எடுத்தவருக்குச் செய்கிற அதே ஒழுங்குதான், ஏனென்றால் இரண்டிலும் ஆளுக்கு இல்லாமல் போனது காற்று. மூச்சு இருந்தால் காற்றுப்படாமல் போர்த்தி, படுத்தபடியே வைத்து, மெதுவாகக் கையாளுங்கள். நன்றாகக் குளிர்ந்த உடம்பை முரட்டுத்தனமாக அசைத்தால் இதயம் தாளம் தப்பும். கைகாலைத் தேய்த்துச் சூடாக்கும் நம்மூர்ப் பழக்கம் இங்கே வேண்டாம்.

கடற்கரையில் எப்படிப் பழகுகிறீர்கள்? மணலும் பனியும் ஒன்றா?

ஒன்றில்லை. எது சரிவரும், எது சரிவராது என்று நாங்களே பிழைவிட்டுப் பிழைவிட்டுத்தான் கண்டோம்.

தேடும் பயிற்சிக்கு மணல் நன்றாகச் சரிவரும், ஆனால் காய்ந்த மணல். அலை நனைக்கிற இடத்தில் புதைக்காதீர்கள். உப்புத்தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கும், எண்கள் பொய் சொல்லும். சவுக்குமரப் பக்கம் காய்ந்த மணலில், இறுக்கி மூடிய சோற்றுப்பெட்டிக்குள் கருவியை வைத்து முழங்கை ஆழத்தில் புதைக்கிறோம். அதன்மேல் சாக்கு, தடம் தெரியாமல் இருக்கக் கொஞ்சம் குப்பை. தேடுகிறவர் புதைப்பதைப் பார்க்கக்கூடாது. மூன்று நிமிடத்துக்குள் குறி வைக்கவேண்டும் என்பது எங்கள் சட்டம். முதல் நாளில் எட்டு நிமிடம் எடுப்பார்கள், மூன்றாம் நாளில் இரண்டரைக்கு வந்துவிடுவார்கள். பனியில், முழங்கால் புதைய, மூச்சு வாங்க, கை விறைக்க அதே ஆள் திரும்ப ஆறு நிமிடம் எடுப்பார். அதையும் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

கையுறை போட்டுப் பழகவேண்டும். கல்லடி வெயிலில் யார் கம்பளிக் கையுறை போடுவது? விக்கெட் கீப்பர் கையுறையைப் போட்டோம். பட்டனை அமத்த முடியாமல் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்தால், உண்மையான மலையில் என்ன நடக்கும் என்று நன்றாகவே விளங்கும்.

கம்பி குத்துவதற்கு மணல் கூடாது. ஒரு முழம்கூட இறங்காது, கம்பிதான் வளையும். அதற்கு நெல்லாலைப் பக்கம் கிடக்கும் உமிக்குவியல்தான். ஆறின பழைய குவியலா என்று ஆலைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சில குவியல் மேலே சாம்பல் நிறமாய் இருந்துகொண்டு உள்ளே கனன்றுகொண்டிருக்கும். அதற்குள் தும்பு அடைத்த சாக்கு ஒன்று, மரக்கட்டை ஒன்று, வெறும் தரை. கண்ணை மூடிக் குத்தி, எது எது என்று சொல்லவேண்டும். இந்தப் பயிற்சி மட்டும் டாவோஸில் படித்ததைவிட இங்கே நன்றாக அமைந்தது என்று பெருமையாகச் சொல்வேன்.

தோண்டுவதற்கு, அறுவடை முடிந்த வயலில் பாதி காய்ந்த களிமண். கட்டி கட்டியாக வெட்டிப் பின்னுக்குத் தள்ளப் பழகலாம். வயல்காரர் திட்டாத மூலையாகப் பாருங்கள்.

ஆளை மட்டும் ஒருநாளும் மணலில் புதைக்காதீர்கள், விளையாட்டுக்கும் வேண்டாம். மணல் நெஞ்சை அமத்தினால் மூச்சு நிற்கும்.

நானே அகப்பட்டால் என்ன செய்வது?

கத்துங்கள், மற்றவர்கள் உங்களைப் பார்க்கட்டும். ஓரத்துக்குச் சறுக்கி வெளியேற முடிந்தால் வெளியேறுங்கள். தடியை விடுங்கள். காற்றுப்பை வைத்த முதுகுப்பை இருந்தால், பையை ஊதவைக்கும் பிடியை உடனே இழுங்கள். உலுக்குகிற சுளகில் பருமனானது மேலே வரும் என்பது நம் பெண்களுக்குத் தெரிந்த விஷயம். பை ஊதியதும் நீங்கள் பருமனாகிறீர்கள், அதனால் மேலே வருகிறீர்கள். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பை ஊதியதால் கடுமையாக அகப்பட்டவர்களில் இறப்பு நூற்றுக்கு 22இலிருந்து 11 ஆகக் குறைந்ததாகக் கணித்தது. அதே ஆய்வில் பை வைத்திருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அது ஊதவே இல்லை, அதிலும் அநேகர் இழுக்காமல் விட்டவர்கள். பனி நிற்கப் போகிறது என்று உணர்ந்தால் கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து இடைவெளி பிடியுங்கள். நின்ற பிறகு கையை அசைக்க முடியாது.

இமயமலைச் சியாச்சினில் ஒருவர் ஆறு நாள் கழித்து உயிரோடு கிடைத்தாரே?

2016 மாசி மாதம், இந்திய இராணுவத்தின் மதராஸ் படைப்பிரிவைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதைந்தார்கள், தமிழ்நாட்டவரும் அவர்களில் இருந்தார்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் ஆறாம் நாள் உயிரோடு எடுக்கப்பட்டு, சில நாளில் ஆஸ்பத்திரியில் இறந்தார். மற்ற ஒன்பது பேரும் புதைந்த இடத்திலேயே போய்விட்டார்கள். அந்த ஒருவரை நினைத்துத் தேடலைக் கைவிடாமல் இருங்கள், ஆனால் அவரை நம்பி மெதுவாகத் தோண்டாதீர்கள்.

முறையாகப் படிப்பது எங்கே?

நான் பழக்குவது கை கூசாமல் இருக்க மட்டும். பனியில் நின்று, பயிற்சி பெற்றவரிடம் படிக்காமல் வெளிமலைக்குப் போகக்கூடாது. கனடாவில் அவலாஞ்ச் கனடா என்ற பனிச்சரிவுப் பாதுகாப்பு அமைப்பு வகுத்த முதற்படிப் பாடநெறி குறைந்தது இரண்டு நாள், மீட்புக்கென்றே தனியாக ஒருநாள் பயிற்சியும் இருக்கிறது. அந்த நாட்டில் இந்த விழிப்பு வந்த கதை சோகமானது. 2003 தை, மாசியில் றெவல்ஸ்ரோக் பக்கம் இரண்டு சரிவுகளில் ஏழு ஏழு பேராக இறந்தார்கள், இரண்டாவதில் செத்த ஏழு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சுவிஸில் அல்பைன் கழகம் வகுப்பு நடத்துகிறது, பல சறுக்குத்தளங்களில் கருவி புதைத்த பயிற்சித்திடல்கள் உண்டு, காசில்லாமல் போய்ப் பழகலாம். கருவியைக் கடைகளில் வாடகைக்கும் எடுக்கலாம். ஒவ்வொரு வருடமும் முதல் பனியோடு திரும்பப் பழகவேண்டும், போன வருடத்துக் கை இந்த வருடம் உதவாது.

பனிச்சரிவு அறிவிப்பில் ஆபத்து நிலை 3 என்றால் ஐந்தில் நடுத்தரம்தானே? போகலாமா?

பரீட்சைப் புள்ளி மாதிரி வாசிக்காதீர்கள். 1இலிருந்து 5வரை போகும்போது ஆபத்து சமமாகக் கூடுவதில்லை, தாவித் தாவிக் கூடுகிறது. 5இல் யாரும் மலைக்குப் போவதில்லை. 3இல் வானம் வெளித்திருக்கும், புதுப்பனி மினுங்கும், எல்லோரும் போவார்கள். அதிகம் பேர் சாவதும் 3இல்தான். சுவிஸில், டாவோஸில் இருக்கும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் பின்னேரம் 5 மணிக்கு அறிவிப்பை வெளியிட்டு, காலை 8 மணிக்குத் திருத்துகிறது. நான்கு மொழியில் வரும், தமிழில் இல்லை. எண்ணை மட்டும் பார்க்காமல் எந்த உயரம், எந்தத் திசைச் சரிவு என்பதையும் வாசியுங்கள். இதே மாதிரி அறிவிப்பை நோர்வேயில் வார்சொம் என்ற தளத்திலும், கனடாவில் அவலாஞ்ச் கனடாவிலும் பார்க்கலாம்.

அறிவிப்பில் இல்லாததை மலையே சொல்லும்: பக்கத்துச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம், காலடியில் ‘வும்’ என்று பனி அமரும் சத்தம், சறுக்குப் பலகையிலிருந்து ஓடும் வெடிப்பு, காற்றடித்துக் குவித்த பனி, திடீரென்று வெக்கை. ‘வும்’ சத்தத்தை முதல்தரம் கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது. அதுக்குக் கலங்காத வயிறு மலைக்குப் போகக்கூடாது.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் “வேண்டாம்” என்றால் கேலி பண்ணுவார்களே?

பண்ணுவார்கள். அதுவும் நம் பெடியள் மச்சான், மச்சான் என்று ஒருவனை ஒருவன் ஏற்றிவிடுவதில் கெட்டிக்காரர். ஆனால் முகத்துவாரத்தில் தோணி இறக்கும்போது நடப்பதைப் பாருங்கள். கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெரியவர் “இண்டைக்கு வேணாம்” என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை. வலையை மடித்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள். எங்கள் குழுவில் அதே சட்டம். ஆக இளையவரின் “வேண்டாம்” போதும், விளக்கம் சொல்லத் தேவையில்லை. இதைப் புறப்படும் முன், கருவியைச் சோதிக்கும்போதே பேசிக்கொள்ளவேண்டும். சரிவின் உச்சியில் நின்று பேசத் தொடங்கினால் ஆசைதான் வெல்லும்.

இந்தப் பழக்கம் மலையகத்து மண்சரிவுக்கு உதவுமா?

கொஞ்சமாகத்தான். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் புதைந்தபோது யாரிடமும் கருவி இருக்கவில்லை, இருக்கவும் போவதில்லை. சேறு பனியைவிடப் பாரம், காற்றே விடாது, திரும்பவும் சரியும். அங்கே உயிர் காப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விட்டதும் எழும்பிப் போவதுதான்.

வீட்டில் அம்மா பயப்படுவா. சொல்லாமல் போகலாமா?

எந்த மலை, எந்தப் பக்கம், யார் யார், எத்தனை மணிக்குத் திரும்புவது, இது எல்லாவற்றையும் அந்த ஊரிலேயே இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். அம்மாவால் மட்டக்களப்பில் இருந்து ஹெலிகொப்டர் கூப்பிட முடியாது. அவவுக்குப் போகும்போது சொல்வதும் விடுவதும் உங்கள் பாடு, ஆனால் இறங்கியதும் போன் எடுங்கள். குளிர்காலத்தில் சுவிஸுக்கும் ஊருக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம். அங்கே பின்னேரம் 3 மணி என்றால் இங்கே இரவு 7.30, சாப்பாட்டுக்கு முந்தின நேரம், அவ எடுப்பா.